அலமாரிக்குப் பின்னால் நின்ற பையன்: ஒரு மலச்சிக்கலின் பத்து மாதக் கணக்கு

இந்தக் கேஸில் முதல் தப்பு என்னுடையது, அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். திண்டுக்கல் பக்கம் சின்ன ஊர் ஒன்றில் குழந்தை மருத்துவராக இருக்கிறேன். ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெளியே காய்ச்சல் பிள்ளைகளோடு முப்பது பேர் காத்திருக்க, மூன்று வயது எட்டு மாதப் பையன் ஒருவனை அம்மாவும் அப்பத்தாவும் கூட்டி வந்தார்கள். "ஆய் போக மாட்டேங்குறான் சார், நாலு நாளைக்கு ஒருக்காதான் போறான், போறப்ப அழுது ஊரைக் கூட்டுறான்." நான் வயிற்றை மேலோட்டமாகத் தொட்டுப் பார்த்தேன், மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப் இரவில் 5 மி.லி. என்று எழுதினேன், கீரை, பழம், தண்ணீர் என்ற வழக்கமான மூன்றையும் சொன்னேன், பத்து நாள் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். மொத்தமே நான்கு நிமிடம் ஆகியிருக்கும்.

பையனின் எடை 14 கிலோ. லாக்டுலோஸ் ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 1 முதல் 2 கிராம் வரை கொடுக்க வேண்டிய மருந்து, கடையில் கிடைக்கும் சிரப்பில் பொதுவாக 15 மி.லி.க்கு 10 கிராம் இருக்கும், கணக்குப் போட்டால் அவனுக்குக் குறைந்தபட்சமே 21 மி.லி. வருகிறது. நான் எழுதியது அதில் கால்வாசி கூட இல்லை. இதை ஏன் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்கிறேன் என்றால், "சிரப் குடுத்துப் பார்த்தோம், கேட்கலை" என்று என்னிடம் வரும் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு நடந்தது இதுதான். மருந்தின் மேல் குறையே இருந்திருக்காது, அளவும் நாளும் போதாமல் இருந்திருக்கும்.

(பெற்றோரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், ஆள் அடையாளம் தெரியாதபடி ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பத்து நாளில் அவர்கள் வரவில்லை. ஆறு வாரம் கழித்து, செப்டம்பர் நடுவில் வந்தார்கள், இந்தத் தடவை புகார் நேர் எதிராக இருந்தது. பத்து நாளாக லூஸ் மோஷனாம். ஜட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுக்கொண்டே இருக்கிறது, நாற்றம் தாங்கவில்லை, பிரீ-கேஜி டீச்சர் இரண்டு தடவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மெடிக்கலில் பேதி நிற்க ஏதோ மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், அதிலும் நிற்கவில்லை. போதாக்குறைக்கு நின்றுபோயிருந்த படுக்கையில் சிறுநீர் போகும் பழக்கமும் திரும்பிவிட்டது.

இந்த முறை கூட்டம் குறைவான செவ்வாய்க்கிழமை சாயங்காலம், முழுதாக நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டேன். படுக்க வைத்து இடது அடிவயிற்றில் மெதுவாகக் கையை வைத்தால் உள்ளே களிமண் உருண்டை போல ஒரு கட்டி, தொப்புளுக்குக் கீழ் வரை ஏறி நிற்கிறது. அத்தனையும் மலம். வெளியே வந்தது பேதியே இல்லை. அடைத்துக்கொண்டிருக்கும் கட்டியின் ஓரமாக மேலிருந்து தண்ணீராக வழிந்து வருவது. மலக்குடல் பல மாதம் விரிந்தே கிடந்தால் உணர்ச்சி மங்கிவிடும், வழிவது அந்தப் பிள்ளைக்கே தெரியாது. இதற்குத்தான் டீச்சரிடம் திட்டும், அப்பத்தாவிடம் தொடையில் இரண்டு அடியும் வாங்கியிருக்கிறான். பேதியை நிறுத்தக் கொடுத்த மாத்திரையோ நிலைமையை இன்னும் கெட்டியாக்கியிருக்கிறது. சிறுநீர் விஷயமும் அதே கட்டி சிறுநீர்ப்பையை அழுத்துவதால்தான் என்று நினைத்தேன், ஆனாலும் சிறுநீர்ப் பரிசோதனை பார்த்தோம், தொற்று எதுவும் இல்லை.

அம்மா திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே வாக்கியம். "முக்கிக்கிட்டேதான் சார் நிக்கிறான், வர மாட்டேங்குது." எப்படி முக்குகிறான், நடித்துக் காட்டுங்கள் என்றேன். அவர் ஏழு மாதக் கர்ப்பிணி, நடிக்கவெல்லாம் முடியாது, ஆனால் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் கணவருக்கு அனுப்ப எடுத்த வீடியோ ஒன்று போனில் இருந்தது. அதில் பையன் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் போய் நிற்கிறான், கால் இரண்டையும் பின்னிக்கொள்கிறான், குதிகாலைத் தூக்கி நுனிவிரலில் நிற்கிறான், புட்டம் இறுகுகிறது, முகம் சிவக்கிறது, கை அலமாரியை இறுக்கிப் பிடிக்கிறது, அரை நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காதது போலத் திரும்பிப் போய் விளையாடுகிறான்.

முக்குகிற பிள்ளை உட்காரும், குந்தும், முழங்காலை மடக்கும். கால் பின்னி நுனிவிரலில் நிற்கிற பிள்ளை வருவதை உள்ளே தள்ளுகிறது, அவன் அடக்கிக்கொண்டிருந்தான். இதை அம்மாவிடம் சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப இத்தனை நாளா முக்கு முக்குன்னு நாங்கதான் கத்திக்கிட்டு இருந்தோமா" என்றார்.

அடக்குவதற்குக் காரணம் தேடினால் கதை ஒரு வருடம் பின்னால் போகிறது. இரண்டரை வயதில் ஒரு வாரம் காய்ச்சல், சரியாகச் சாப்பிடவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, அதற்குப் பிறகு வந்த மலம் கட்டியாக, கிழித்துக்கொண்டு வந்திருக்கிறது, டயப்பரில் ஒரு சொட்டு ரத்தம். அடுத்த தடவை வலிக்கும் என்று பயந்து மூன்று நாள் அடக்கினான். உள்ளே நிற்க நிற்கக் குடல் அதிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், ஆகவே மூன்றாம் நாள் இன்னும் பெரிதாக, இன்னும் கெட்டியாக வந்தது, இன்னும் வலித்தது. இரண்டரை வயதுப் பிள்ளைக்கு இது போதும், ஒரு முடிவுக்கு வந்துவிடும். அப்பத்தா சோப்பைச் சீவி வைத்துப் பார்த்தார், வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து வைத்துப் பார்த்தார். அதிலும் ஆகாமல் ஒரு ராத்திரி எங்கோ கூட்டிப் போய் மூன்று பேர் கையையும் காலையும் பிடித்துக்கொள்ள எனிமா கொடுத்திருக்கிறார்கள். அன்று மலம் வந்தது. ஆனால் அந்த இடத்தை யாராவது தொட வந்தால் இன்றைக்கும் அலறுகிறான்.

பிறகு பள்ளி. ஜூனில் பிரீ-கேஜி, டயப்பர் போடாத பிள்ளையைத்தான் சேர்ப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள், அதனால் ஏப்ரல், மே இரண்டு மாதமும் வீட்டில் கழிப்பறைப் பயிற்சி போர்க்கால அடிப்படையில் நடந்திருக்கிறது. வீட்டில் இருப்பது வெஸ்டர்ன் டாய்லெட், பெரியவர்கள் உட்காருவது. அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலைத் தொங்கவிட்டு, உள்ளே விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் இருக்கும் பிள்ளை எப்படித் தசையைத் தளர்த்தும்? பள்ளிக் கழிப்பறை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, பெரிய பிள்ளைகளே வீடு வரும் வரை அடக்கிக்கொண்டு வருகிறார்கள்.

சாப்பாட்டுப் பக்கம் கேட்டதில் முக்கியமாகச் சிக்கியது பால். காலை, பள்ளி விட்டு வந்ததும், சாயங்காலம், தூங்கும்போது என்று பாட்டிலில் நாலு வேளை, ஒவ்வொன்றும் 250 மி.லி. ஆக ஒரு நாளைக்கு ஒரு லிட்டர். வயிறு பாலிலேயே நிறைந்துவிட்டால் சோறும் காயும் எங்கே இறங்கும்? ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு 400 முதல் 500 மி.லி. தாராளம். இவ்வளவு பால் குடிக்கும் பிள்ளைக்கு இரும்புச்சத்தும் குறைந்திருக்கும் என்று ரத்தம் பார்த்தேன், ஹீமோகுளோபின் 9.8. இந்த வயதில் 11க்குக் கீழே போனாலே ரத்தசோகை.

வேறு நோய் ஏதும் இல்லை என்று உறுதி செய்ததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஸ்கேன் எடுக்கலாமா, எக்ஸ்ரே எடுக்கலாமா என்று அப்பா போனில் கேட்டுக்கொண்டே இருந்தார். இந்த மாதிரிப் பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குடலில் எந்தக் கோளாறும் இருக்காது. மிச்சம் உள்ள சிலரைப் பிடிக்கத்தான் சில கேள்விகள். பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் மலம், அந்தக் கரும்பச்சைக் காட்டுப்பீ, போனதா? போகவில்லை என்றால் ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயை நினைக்க வேண்டும். குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு முடிச்சுகள் இல்லாமலே பிறப்பது அது, கோபன்ஹேகன் மருத்துவர் ஹிர்ஷ்ஸ்ப்ரங் 1886இல் விவரித்தது, ஏறக்குறைய ஐயாயிரம் பிறப்புக்கு ஒன்று. முதல் மாதத்திலிருந்தே சிக்கலா? பச்சையாக வாந்தியா? வயிறு பானை போல உப்புகிறதா? எடை ஏறவில்லையா? மலம் ரிப்பன் போல ஒல்லியாக வருகிறதா? முதுகுத்தண்டின் கீழே குழியோ முடிக்கற்றையோ உண்டா, காலில் பலம் குறைவா? இவனுக்கு முதல் மலம் பிறந்த அன்றே போயிருக்கிறது, ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அப்போதெல்லாம் எந்தச் சிரமமும் இல்லை. முதுகு சரி, கால் அனிச்சைச் செயல்கள் சரி, வளர்ச்சி சரி. ஆசனவாயை விரல் விடாமல் வெளியிலிருந்து மட்டும் பார்த்தேன், பின்பக்கம் ஆறு மணி முள் நிற்கும் இடத்தில் பழைய வெடிப்பு. எக்ஸ்ரே வேண்டாம், கையிலேயே கட்டி தெரிகிறதே என்றேன். வேறு நோய் இல்லாமல் வரும் மலச்சிக்கலை அடையாளம் காண 2016இல் வந்த ரோம்-4 அளவுகோல்படி நாலு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு வாரத்துக்கு இரண்டோ அதற்குக் குறைவாகவோ போவது, அடக்குவது, வலியோடோ கெட்டியாகவோ போவது, பருமனாகப் போவது, மலக்குடலில் கட்டி நிற்பது ஆகியவற்றில் ஏதாவது இரண்டு ஒரு மாதம் இருந்தால் போதும். இவனிடம் ஐந்தும் இருந்தது.

சரி, சிகிச்சை. முதலில் உள்ளே இருப்பதை வெளியே எடுக்க வேண்டும், அது இருக்கிற வரை கீரையும் கொய்யாவும் கொடுப்பது அடைத்த சாக்கடையில் மேலும் போடுவது போலத்தான். எனிமாவும் வாய்வழி மருந்தும் இந்த வேலையைக் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் செய்கின்றன, ஆனால் இந்தப் பையனுக்கு மறுபடி எனிமா என்பதை நான் நினைக்கக்கூட இல்லை. பாலிஎத்திலின் கிளைகால், சுருக்கமாக பெக், தூளாக வருகிறது. அது உடம்பில் சேராது, குடலுக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மலத்தை ஊற வைக்கும், அவ்வளவுதான். கட்டியை எடுக்க ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம், மூன்று முதல் ஆறு நாள். இவனுக்கு நாளைக்கு 20 கிராம், இரண்டாகப் பிரித்து, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில். காலாண்டு விடுமுறை வந்தது வசதியாகப் போயிற்று, பள்ளி நாளில் இதைச் செய்ய முடியாது. (தன் பிள்ளைக்கும் இதே அளவு என்று யாரும் தாமாக ஆரம்பித்துவிட வேண்டாம், வாந்தியோ வயிறு உப்பலோ இருந்தால் இந்த மருந்தே ஆபத்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் அளவு.)

முதல் இரண்டு நாள் ஜட்டியில் படுவது அதிகமானது, இதை முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பயந்து நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் துண்டு துண்டாக. நான்காம் நாள் சாயங்காலம் அம்மாவிடமிருந்து போன், அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்றே தெரியவில்லை. "சார், பெரியவங்க ஆய் மாதிரி சார், இவ்வளவு எப்படி சார் இவன் வயித்துல இருந்துச்சு." ஆறாம் நாள் கட்டியில்லாமல் டிக்காஷன் தண்ணீர் போல வந்தது. வயிறு தட்டையாகிவிட்டது, அன்று ராத்திரி மூன்று தோசை கேட்டு வாங்கித் தின்றானாம்.

அடுத்தது பராமரிப்பு, எல்லாரும் கோட்டை விடும் இடம் இதுதான். தினம் 8 கிராம் பெக், மலம் மிருதுவாக இருக்கும்படி கூட்டியோ குறைத்தோ. குறைந்தது இரண்டு மாதம், அதிலும் கடைசி ஒரு மாதம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் போயிருக்க வேண்டும், பிறகுதான் மெல்ல மெல்லக் குறைப்பது. விரிந்த மலக்குடல் பழைய அளவுக்குச் சுருங்க மாதக்கணக்கில் ஆகும், ஆய் வலிக்காது என்று அந்தச் சின்ன மண்டைக்குள் ஏறுவதற்கு அதைவிட அதிகம் ஆகும். எது மிருது என்று வீட்டில் ஆளுக்கொரு அபிப்பிராயம் இருக்கும் என்பதால் பிரிஸ்டல் படத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து மருத்துவர்கள் 1997இல் வெளியிட்டது, மலத்தை ஒன்று முதல் ஏழு வரை வகை பிரிக்கும். அப்பத்தா படத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்து ஒன்றாம் வகையை ஆட்டுப் புழுக்கை என்றும் நாலாம் வகையைத் தோலுரிச்ச மலைப்பழம் என்றும் பெயர் வைத்துவிட்டார். அன்றிலிருந்து மற்ற பெற்றோரிடம் நானும் அப்படியே சொல்கிறேன்.

கழிப்பறையில் ஒரு மணைப்பலகை, அதன் மேல் இன்னொன்று, கால் ஊன்றி முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி. விளிம்பில் சின்னப் பிள்ளைக்கான வளையம். காலைச் சாப்பாட்டுக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் பிறகு ஐந்து நிமிடம். வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் தானாக அசையும், அந்த நேரத்தைப் பிடித்துக்கொள்வதுதான் விஷயம். ஆய் வந்தாலும் வராவிட்டாலும் உட்கார்ந்ததற்குக் காலண்டரில் ஒரு ஸ்டிக்கர். கையில் ஒரு பலூனைக் கொடுத்து ஊதச் சொன்னோம், ஊதும்போது கீழ்வயிறு தானாக அழுத்தும், முக்கு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. முதல் வாரம் டயப்பர் கட்டினால்தான் போவேன் என்று அலமாரிக்குப் பின்னால் ஓடினான். சரி, டயப்பர் கட்டிக்கொள், ஆனால் பாத்ரூமுக்குள் நின்று போ என்றோம். அப்புறம் டயப்பரோடு உட்காருவது, அப்புறம் இல்லாமல். இதற்கே மூன்று வாரம் ஆயிற்று. ஜட்டியில் பட்டால் திட்டக் கூடாது என்பதை அப்பத்தாவிடம் மட்டும் தனியாகச் சொன்னேன். "அவனுக்குத் தெரியாமலே வருதும்மா, வயசானவங்களுக்குச் சில பேருக்கு வர்ற மாதிரி" என்றதும் சட்டென்று புரிந்துகொண்டார். டீச்சரிடம் கொடுக்க ஒரு சீட்டு எழுதினேன், பையன் கேட்டால் உடனே அனுப்பவும், பையில் மாற்றுத் துணி உள்ளது என்று.

சாப்பாட்டில் பெரிய புரட்சி ஒன்றும் செய்யவில்லை. நார்ச்சத்து வயதோடு ஐந்தைக் கூட்டி வருகிற கிராம் என்பது பழைய கணக்கு, இவனுக்கு எட்டு ஒன்பது. ஒரு கொய்யாவிலேயே பாதி வந்துவிடும், மிச்சம் அவரைக்காய், முருங்கைக்கீரை அடை, சுண்டல், மலைப்பழம். நார்ச்சத்துப் பொடிகளை நான் எழுதுவதில்லை, தண்ணீரையும் தாகத்துக்கு மேல் குடம் குடமாக ஊற்றுவதில் பலன் இல்லை. பாட்டிலை நிறுத்தி டம்ளரில் இரண்டு வேளை பால், இதற்குத்தான் வீட்டில் பெரிய அழுகை நடந்தது, நான்கு நாளில் அடங்கியது. அப்பத்தா ராத்திரி ஊற வைத்துப் பிழிந்து கொடுக்கும் உலர்திராட்சைத் தண்ணீர் தொடரட்டும் என்றேன், கெடுதல் இல்லை, ஆனால் மருந்துக்குப் பதில் அது இல்லை. இரும்பு மருந்து கட்டி வெளியேறிய பிறகு ஆரம்பித்தேன், ஆய் கறுப்பாகும், பயப்படாதீர்கள் என்று சொல்லி.

அக்டோபர் நன்றாகப் போயிற்று. நவம்பர் ஆரம்பத்தில் அம்மா பிரசவத்துக்குத் தாய்வீடு போனார், அப்பா லீவு போட்டு வந்து பையனைப் பார்த்துக்கொண்டார். தினமும் ஒழுங்காகத்தானே போகிறான், இந்தத் தூள் பழகிப்போனால் ஆயுசுக்கும் விடாதே என்று வாட்ஸ்அப்பில் வந்த எதையோ படித்துவிட்டு ஒரே நாளில் நிறுத்திவிட்டார். தங்கச்சிப் பாப்பா பிறந்தது, வீடு முழுக்க ஆள், மணைப்பலகையை யாரோ எடுத்து அதில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்களாம். டிசம்பரில் ஐந்து நாள் ஆய் இல்லாமல், மறுபடி அலமாரிக்குப் பின்னால் நுனிவிரலில். அப்பா குற்ற உணர்ச்சியோடு வந்து உட்கார்ந்தார். பெக்கோ லாக்டுலோஸோ குடலைப் பழக்கி அடிமையாக்காது, கண்பார்வை சரியாகத் தெரிகிறது என்று கண்ணாடியைக் கழற்றிப் போடுவீர்களா என்று கேட்டேன். நான்கு நாள் மறுபடி பெரிய அளவு, பிறகு பழையபடி 8 கிராம், இந்தத் தடவை எப்போது குறைப்பது என்பதை நான் சொல்லும் வரை யாரும் தொடுவதில்லை என்ற ஒப்பந்தம். இப்படி ஒரு தடவை பின்னால் போவது வழக்கம்தான். பெரிய மருத்துவமனைகளுக்கு அனுப்பப்படும் பிள்ளைகளில் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில் மருந்தே இல்லாமல் சரியாகிறவர்கள் சுமார் பாதிப் பேர்தான், முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் அப்பா அவசரப்பட்டிருக்க மாட்டார்.

ஜனவரியில் படுக்கை நனைவது நின்றது. பிப்ரவரியில் ஹீமோகுளோபின் 11.4. ஏப்ரல் வரை ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது நாலாம் வகை, ஜட்டி சுத்தம். பள்ளி விடுமுறையில் 6 கிராம், பிறகு 4, ஜூன் கடைசியில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஜூலை நடுவில் நிறுத்தினோம்.

நடுவில் தங்கச்சியையும் சொல்ல வேண்டும், வராமல் தடுப்பது பற்றி நான் இந்த வீட்டில் பேசியதெல்லாம் அவளை வைத்துத்தான். இரண்டு மாதக் குழந்தையாக இருந்தபோது தொடர்ந்து ஆறு நாள் அவள் ஆய் போகவில்லை, அண்ணனைப் பார்த்துச் சூடுபட்ட வீடு, வெற்றிலைக் காம்பு தயாராக இருந்தது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை, சிறுநீர் நன்றாகப் போகிறது, வயிறு மெத்தென்று இருக்கிறது, ஏழாம் நாள் தானாகக் குழைவாகப் போனாள். இப்படி ஒரு வாரம், பத்து நாள் விடுவது அந்த வயதில் சகஜம். முகம் சிவக்கப் பத்து நிமிடம் அழுது கடைசியில் தண்ணீராகப் போகும் கைக்குழந்தைகளுக்கும் அது மலச்சிக்கல் இல்லை, முக்கும்போதே கீழே தளர்த்த வேண்டும் என்று உடம்பு கற்றுக்கொள்கிறது, அங்கே சோப்பும் காம்பும் வைத்தால் அதைக் கற்றுக்கொள்ளவே விடமாட்டோம். ஒரு வயதுக்குள் தேன் வேண்டாம் என்பதையும் அன்றைக்கே சொன்னேன், நாக்கில் தடவத் தயாராக அதுவும் இருந்தது. ஆறு மாதம் முடிந்து பருப்புச் சாதமும் கேழ்வரகுக் கூழும் ஆரம்பித்தபோது கூடவே மசித்த பழமும் கீரையும், சாப்பாட்டோடு இரண்டு வாய் தண்ணீர். பால் பாட்டில் இந்த வீட்டுக்குள் இனி வராது என்று அம்மாவே சொல்லிவிட்டார். எப்போதாவது கெட்டியாக, அழுதுகொண்டு போனால் அந்த வாரமே கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன், அண்ணனுக்கு அந்த முதல் வாரத்திலேயே பார்த்திருந்தால் இந்தப் பத்து மாதமும் இருந்திருக்காது.

ஜூலை கடைசியில் வந்தபோது பையனுக்கு நாலேமுக்கால் நெருங்கியிருந்தது, எடை 16.2. வந்த காரியம் தங்கச்சிக்கு ஊசி. காத்திருந்த நேரத்தில் அவனே அம்மாவின் காதில் ஏதோ சொல்லி, எங்கள் கிளினிக் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தான், இந்தியன் டாய்லெட், யாரும் கூடப் போகவில்லை. விளக்கெண்ணெய் பாட்டில் என்ன ஆயிற்று என்று அப்பத்தாவிடம் கேட்டேன். "முழங்காலுக்குத் தேய்ச்சுக்கிறேன் சார், அதுக்கு நல்லாத்தான் கேக்குது" என்றார்.